அப்பா நடந்து போட்ட கோடு

சான் ஹசிந்தோ,
இன்ஹேனியோ ஆற்றங்கரை, நாஸ்கா.
ஆகஸ்ட் 4

என் அன்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் மூத்த மகள் நெலிதா எழுதுகிறேன். நானும் தங்கை சுலெமாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும், சாந்தியாகோவில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாளும் அப்படியே இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். அப்பாவும் நலம் என்று அடுத்த வரியில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்த இடம் உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

சுலெமாவுக்குக் கீழ்ப்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு உங்களுக்கு அனுப்பச் சொன்னாள். தபாலில் பல் அனுப்பக் கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆறு இந்த வருடமும் வரவில்லை. பிப்ரவரியில் மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் பாலம்வரை வந்தது, மூன்று நாள் நின்றது, பிறகு மணலுக்குள் போய்விட்டது. நம் நிலத்தடி வாய்க்காலும் வற்றிக்கொண்டு வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதன் மூன்றாவது கண்ணில், அந்தச் சுருள் கிணற்றில், இறங்கிப் பார்த்தேன். சுருள் வழியாக அடிவரை போய்க் காலை வைத்தால், முன்பு முழங்கால் நனைந்த இடத்தில் இப்போது கட்டைவிரல்தான் நனைகிறது. வெள்ளை மொச்சை பூத்த கையோடு கருகிவிட்டது. பருத்தியை அப்பாவே பிடுங்கி அடுப்புக்கு அடுக்கிவிட்டார். எதிர்வீட்டார் இக்காவுக்குக் குடிபோய்விட்டார்கள். இப்போது இந்தப் பக்கம் நான்கு வீட்டில்தான் புகை வருகிறது.

இனி முக்கியமான விஷயம். சரித்திரப் பாடத்தில் நான் முதலாவதாக வந்ததற்காக ஓத்திலியா டீச்சர் அவருடைய புத்தகம் ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். நம் பம்பாப் பொட்டலில் இருக்கும் கோடுகளையும் உருவங்களையும் பற்றியது. சாயங்காலம் சாப்பாட்டின்போது நான் உரக்க வாசிப்பேன். அப்பாவும் ஃபெர்மின் சித்தப்பாவும் கேட்பார்கள். முதல் பகுதி, அந்தக் கோடுகள் நட்சத்திரங்களையும் சூரியனையும் பார்த்துக் காலம் கணிக்கப் போட்டவை என்று சொல்பவர்களுடையது. விதைக்கிற மாதம் எது என்று தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் கல் பொறுக்கினவன் விவசாயியாக இருக்க மாட்டான் என்று அப்பா சிரித்தார். இரண்டாவது பகுதி, அவை சாமி கும்பிட வரிசையாக நடந்த பாதைகள் என்று சொல்பவர்களுடையது. சித்தப்பா, வேலை வெட்டி இல்லாத ஜனங்கள் என்றார். மூன்றாவது பகுதியில், ஆப்பு வடிவில் கல்லை ஒதுக்கிய அகலமான களங்களின் கூர்முனை நிலத்தடி நீர் ஓடும் இடத்தைக் காட்டுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அதை வாசித்தபோது அப்பா தட்டைக் கீழே வைத்தார். திரும்ப வாசிக்கச் சொன்னார். நான்கு தடவை வாசித்தேன்.

அந்தப் பகுதியின் கடைசி இரண்டு பக்கங்களில் மற்றவர்கள் அதை மறுக்கிறார்கள். பொருந்துகிற களங்கள் சில, பொருந்தாதவை பல என்கிறார்கள். அதை நான் வாசிக்கவில்லை. அப்பாவின் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்து எத்தனையோ மாதமாகியிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் அப்பா, நம் வராங்கோ மரத்தோப்புக்குப் பின்னால் பம்பாவில் ஏறி, அந்த நீண்ட களத்தை அடியெண்ணி நடந்தார். அறுநூற்றுப் பதினொரு அடி. அதன் கூர்முனை ஒரு கறுத்த குன்றின் காலடியில் முடிகிறது. மூன்று வாரமாக அப்பாவும் சித்தப்பாவும் அங்கே கிணறு தோண்டுகிறார்கள். காலடி வைத்தாலே குற்றம் என்று பலகை நட்டிருக்கும் இடத்தில், அம்மா. காலையில் சுற்றுலா விமானங்கள் பறக்கும் என்பதால், மதியத்துக்குமேல் பராக்கா காற்று மணலை வாரியடிக்கத் தொடங்கியதும்தான் போகிறார்கள். அந்த நேரத்தில் விமானமும் இல்லை, காவலும் இல்லை. குழியின் வாயைப் பாய் போட்டு மூடி, மேலே கறுப்புக் கல் பரப்பிவிட்டு வருகிறார்கள். இப்போது ஐந்து ஆள் ஆழம். மண் வெறும் சரளை. முட்டுக் கொடுத்திருப்பது நம் கோழிக்கூட்டின் பலகைகளை வைத்து. நான் வறுத்த சோளமும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கொண்டுபோகும்போது குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் தொப்பி ஒரு நாணயம் அளவு தெரிந்தது.

பம்பாவைக் காவல் காக்கும் தோன் அபுந்தியோ என் ஞானத்தகப்பன் என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிட்டார். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை பூசணித் துண்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அம்மா, அப்பாவைத் தோண்ட வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். நான் அதை அப்படியே வாசிப்பேன். ஒரு வார்த்தைகூட மாற்ற மாட்டேன்.

ஆண்டவர் உங்களோடு இருக்கட்டும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
நெலிதா


சான் ஹசிந்தோ,
ஆகஸ்ட் 23

என் அன்புக்குரிய அம்மாவுக்கு,

போன கடிதம் உங்கள் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. நாஸ்கா தபால் நிலையத்தில் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அந்த அலுவலர் நான் வாய் திறப்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டார்.

இங்கே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் பயம் கொஞ்சம் அடங்குகிறது.

அப்பா எவ்வளவு ஜாக்கிரதையானவர் என்று உங்களுக்குத் தெரியும். பம்பாவில் தடம் விழக்கூடாது என்பதற்காக, தோப்பிலிருந்து குழிவரை ஒரே வழியில்தான் நடக்க வேண்டும், முன்னால் போகிறவரின் அடியிலேயே பின்னால் வருகிறவர் அடி வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். நானும் அப்படித்தான் நடந்தேன். கொஞ்சம்கூட விலகவில்லை. அங்கேதான் தப்பு நடந்துவிட்டது. அந்த நிலத்தில் மேலே கறுத்த கல், அடியில் வெளுத்த மண். தினமும் போய்வந்து போய்வந்து மூன்று பேரின் கால்களும் கல்லை ஒதுக்கி, தோப்பிலிருந்து குன்றுவரை நேராக ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டன. தரையில் நின்று பார்த்தால் காலடியில் கொஞ்சம் வெளுப்புதான். விமானத்திலிருந்து முழுக் கோடும் தெரிந்திருக்கிறது.

வியாழக்கிழமை ஓத்திலியா டீச்சர் ஒரு பத்திரிகையோடு வகுப்புக்கு வந்தார். அதில் மேலிருந்து எடுத்த படம். இதுவரை யாரும் குறிக்காத ஒரு கோடு என்று போட்டிருந்தது. டீச்சர் அதைக் கரும்பலகையில் வரைந்து, எதற்காக இருக்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எதில்பெர்தோ என்கிற பையன், வேற்றுக் கிரகத்துக்காரர்களுக்கு ஒரே ஒரு சக்கரம் உள்ள கப்பல் இருந்திருக்கும், அதன் தடம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கேட்டார். யாரோ நடந்த வழியாக இருக்கலாம் என்றேன். எங்கிருந்து எங்கே என்று கேட்டார். வீட்டிலிருந்து என்றேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. லிமாவிலிருந்து பேராசிரியர்கள் செப்டம்பர் 20ஆம் தேதி வந்து அளக்கப் போகிறார்கள் என்றார். அவர்களில் ஒருவர், அந்தக் கோடு சூரியன் மறையும் குன்றை நோக்கிப் போகிறது, எனவே காலம் கணிக்க என்கிறாராம். இன்னொருவர், களத்துக்கு இணையாகப் போவதால் சடங்குப் பாதை என்கிறாராம். மூன்றாமவர், தோப்பில் தொடங்குவதால் தண்ணீருக்கான அடையாளம் என்கிறாராம். புத்தகத்தில் உள்ள மூன்று கட்சியும் அப்பாவின் ஒற்றையடிப் பாதையின்மேல் வந்து நிற்கின்றன. நான் மேசைக்கடியில் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய கோடுகளைப் போட்டவர்களும் இப்படிப் பயந்துகொண்டே நடந்தவர்களாக இருக்கலாம் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்திலும் இல்லை.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். 20ஆம் தேதிக்குள் தண்ணீர் வந்துவிட்டால் யாரும் மூடச் சொல்ல மாட்டார்கள், தாகத்துக்குச் சட்டம் கிடையாது என்றார். முன்பு மாலையானதும் ஏறிவிடுவார். இப்போது இருட்டும்வரை கீழேயே இருக்கிறார்.

சுலெமா கடையில் போய், எங்கள் அப்பா இப்போது மண்ணுக்கடியில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். கடைக்கார அம்மாள் சிலுவை போட்டு, அவளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்து, என்றைக்கு அடக்கம் செய்தீர்கள் என்று என்னிடம் கேட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனி செவ்வாய்க்கிழமை. மணி மூன்று பத்து இருக்கும்போது நிலம் ஆடியது. சின்னதுதான். பள்ளிக்கூடத்தில் ஜன்னல்கள் கடகடவென்றன. எங்களை முற்றத்துக்கு ஓடச் சொன்னார்கள். நான் முற்றத்தில் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தேன். பம்பாவில் ஏறியதும் காற்று முகத்தில் மணலை அறைந்தது. கண்ணைத் திறக்க முடியாமல், காலடியில் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். சித்தப்பா குழியின் வாயில் குப்புறப் படுத்து, அண்ணே அண்ணே என்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து சரளை கொட்டும் சத்தம் மட்டும் வந்தது. நான் முப்பத்தேழுவரை எண்ணினேன். பிறகு கயிறு அசைந்தது. அப்பா ஏறி வந்தார். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கல்லை என் உள்ளங்கையில் வைத்தார்.

"தொட்டுப் பாரு, புள்ள. குளிருதா இல்லையா?"

குளிர்ந்தது. நிழலில் கிடந்த எந்தக் கல்லும் குளிரத்தான் செய்யும், அம்மா. நான் குளிருது என்று மட்டும் சொன்னேன்.

சித்தப்பா கயிற்றைத் தூக்கி எறிந்தார். அவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"தண்ணி வேணும்னா ஆத்துல வரட்டும், அண்ணே. என்னை உசுரோட எதிர்பாக்க வீட்டுல ஒருத்தி இருக்கா. உன்னை எதிர்பாக்க யாரு இருக்கா?"

அப்பா காதைத் துடைத்தார். கோபப்படவே இல்லை.

"அவ வர்றதுக்குத்தான்டா தோண்டுறேன்."

அம்மா, நான் உங்களிடம் மறைத்ததை இப்போது எழுதுகிறேன். ஈஸ்டருக்கு நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு வரி இருந்தது. "நான் அங்கே திரும்பி வரப்போவதில்லை, தியோதோசியோ. தண்ணீர் இல்லாத இடத்தில் மனிதர் இருக்க முடியுமா?" அப்பாவுக்குப் படிக்கத் தெரியாததால் உங்கள் கடிதங்களை நான்தானே வாசிக்கிறேன். அன்று அப்பா சுலெமாவின் ஷூவைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி அவர் பல்லிடுக்கில் இருந்தது. நான் முதல் வரியைப் பார்த்தேன். என் வாய் அதைச் சொல்லவில்லை. இரண்டாவது வரியை மட்டும் வாசித்தேன். அப்பா ஊசியை எடுத்துவிட்டு, அதுவும் நியாயம்தான், தண்ணீர் வந்தால் வருவாள் என்றார்.

முதலில் உங்கள் கடிதத்தில் பாதி. பிறகு புத்தகத்தில் பாதி. அந்த இரண்டு பாதியையும் வைத்துத்தான் அப்பா இவ்வளவு ஆழம் போயிருக்கிறார். எட்டு ஆள் ஆகிவிட்டது.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
நெலிதா


சான் ஹசிந்தோ,
செப்டம்பர் 8

என் அன்புக்குரிய அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உங்கள் கையில் இதைக் கொடுப்பவர் தோன் செவரினோ, சாந்தியாகோவுக்கு வெங்காய லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர். ஞானத்தகப்பனின் சிநேகிதர். அவர் வாசலில் காத்திருப்பார். தயவுசெய்து முழுவதும் படித்த பிறகு அவரிடம் பேசுங்கள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்துக்கு முன், காலையில், அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது. முதலில் புத்தகத்தின் அந்த இரண்டு பக்கங்களையும் வாசித்தேன். அப்பா நிதானமாகக் கேட்டுவிட்டு, போன தடவை இந்தப் பக்கமெல்லாம் எங்கே இருந்தது என்று கேட்டார். பிறகு உங்கள் ஈஸ்டர் கடிதத்தை எடுத்து, விட்டுவிட்ட வரியையும் சேர்த்து வாசித்தேன். திரும்ப வாசித்தேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"உங்கம்மா எழுத்து அழகு. கோடு போட்ட மாதிரி போகும்."

பிறகு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"பயந்துபோய்ச் சொல்ற, கண்ணு. அப்பாவை மேல ஏத்தணும்னு சொல்ற. எனக்குத் தெரியாதா?"

உண்மையைச் சொன்னேன், அம்மா. ஆனால் ஒரு தடவை பாதி வாசித்தவள் முழுவதும் வாசித்தாலும் நம்ப ஆளில்லை. கடிதத்தை எடுத்துப் போய் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாம் என்றேன். குடும்ப விஷயத்தை ஊருக்குக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பா வருவதில்லை. அதனால் கயிறு பிடிப்பது இப்போது நான். மதியத்துக்குமேல் பள்ளிக்கூடம் போவதில்லை. எனக்குப் பல்வலி என்று டீச்சருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்பா சுவரில் வெட்டிய பள்ளங்களில் கால் வைத்து இறங்குகிறார். இடுப்பில் கயிறு. மறுமுனை ராட்டினத்தில். ஒரு இழுப்பு என்றால் வாளியைத் தூக்க வேண்டும். இரண்டு இழுப்பு என்றால் அவர் ஏறுகிறார், நான் கயிற்றைச் சுற்ற வேண்டும். மூன்று இழுப்பு என்றால் என்ன என்று கேட்டேன். அது வேண்டியிருக்காது என்றார்.

பதினோரு ஆள் ஆழம். இறங்குமுன் மெழுகுவர்த்தியைக் கட்டி இறக்கிப் பார்ப்போம். இந்த வாரம் இரண்டு தடவை ஒன்பதாவது ஆளிலேயே அணைந்துவிட்டது. காற்று பட்டிருக்கும் என்றார். அவ்வளவு கீழே காற்று போகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சாக்கை விசிறி உள்ளே காற்றை இறக்கிவிட்டு இறங்கினார். பலகை தீர்ந்துவிட்டது. கடைசி மூன்று ஆள் ஆழத்துக்கு முட்டே இல்லை. காற்று உறுமும்போது கீழே அவர் இருமுவதுகூடக் கேட்காது. அப்போது நான் கயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அது நடுங்குகிறதா என்று மட்டும் பார்ப்பேன். நடுங்கினால் அவர் வெட்டுகிறார். நடுங்காவிட்டால் எண்ணத் தொடங்குவேன். நேற்று இருநூற்றுப் பத்துவரை போனேன்.

அப்பா இப்போது வீட்டுக்கும் வருவதில்லை. குழிக்குப் பக்கத்தில் பாய் மறைப்பில் படுக்கிறார். கடையில் இருக்கும் தொலைபேசிக்கு அம்மாவைக் கூப்பிடச் சொல்கிறேன், நீங்கள் வந்து பேசுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் அவளோடு பேசுவேன், வெறுங்கையோடு என்ன பேசுவது என்றார்.

நேற்று ஞானத்தகப்பன் வந்தார். மோட்டார் சைக்கிளைத் தோப்பிலேயே நிறுத்திவிட்டு, எங்கள் கோட்டின்மேல், எங்கள் அடியிலேயே அடி வைத்து நடந்து வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றில் தன் கையையும் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. கயிற்றை விட முடியாததால் மூக்கைத் தோளில் துடைத்தேன்.

குனிந்து, கொம்பாத்ரே என்று கூப்பிட்டார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் அப்படித்தானே கூப்பிட்டுக்கொள்வார்கள். கீழேயிருந்து அப்பா, வந்துட்டீங்களா கொம்பாத்ரே, கொஞ்சம் பொறுங்க, உங்க வண்டியைக் கழுவத் தண்ணி எடுத்துட்டு வர்றேன் என்றார். ஞானத்தகப்பன் சிரித்தார். முகம் மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியுமாம். தினமும் மதியம் குன்றுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, அப்பா ஏறும்வரை பார்த்திருந்து போவாராம். கோட்டை மறைக்க ஒருநாள் முள்மரக் கிளையை இழுத்துப் பார்த்தாராம். கோடு இன்னும் அகலமானதுதான் மிச்சம். புகார் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஞானத்தகப்பனே, போலீஸ் வந்தாலும் பரவாயில்லை, அப்பா உயிரோடு இருப்பார் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

"போலீஸ் இழுத்து மேல போட்டா, வெளிய வந்து வேற எடத்துல இறங்குவான், மவளே. இவனைத் தூக்கக் கூடாது. கூப்பிடணும். நீ கூப்பிட்டு வர மாட்டான், நான் கூப்பிட்டு வர மாட்டான். வாய்க்கால் தூர்வாரும்போது யாரு கூப்பிட்டா ஏறி வருவான்?"

அம்மா, எனக்கு அது மறந்தே போயிருந்தது. தண்ணீர் இருந்த காலத்தில், ஆண்கள் நிலத்தடி வாய்க்காலுக்குள் ஊர்ந்துபோய்ச் சேறு அள்ளுவார்கள். பெண்கள் நீங்களெல்லாம் சோற்றுப் பானையோடு ஒவ்வொரு கண்ணின் வாயிலும் உட்கார்ந்திருப்பீர்கள். தன் வீட்டுக்காரி பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எவனும் மேலே வர மாட்டான். வந்தால் வருடம் முழுக்கக் கேலி. மற்றவர்கள் எவ்வளவு கத்தினாலும், அது மண் கூப்பிடுகிறது, போகாதே என்பார்கள். ஞானத்தகப்பன் சொல்கிறார், அப்பா எப்போதும் கடைசியாக ஏறுகிறவராம். நீங்கள் கூப்பிட்ட மறு நொடி, வாளியைக்கூட அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுவாராம்.

பேராசிரியர்கள் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் அப்பா ஏறிவிட்டால் போதும், குழியைத் தூர்ப்பதும் கறுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி கல்லை ஒவ்வொன்றாக வைப்பதும் தன் பொறுப்பு என்றார். கோட்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அது ஆயிரம் வருடம் கிடக்கும், எதற்கென்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும் என்றார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு வெற்று கேசட் இருக்கிறது. ஞானத்தகப்பன் வாங்கியது. தோன் செவரினோவின் லாரியில் ஒலிப்பதிவுப் பெட்டி இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவர் காட்டுவார். அன்றே திரும்பினால் ஐந்தாம் நாள் இங்கே வந்துவிடுவார். ஞானத்தகப்பனிடம் பெரிய ரேடியோ இருக்கிறது. அதைக் குழியின் வாயில் வைப்போம். அன்று மட்டும் அப்பாவைக் காலையிலேயே இறங்கச் சொல்லி, காற்று எழும்புவதற்கு முன், முற்பகலில் வைப்போம். விமானத்தில் போகிறவர்கள் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

அதில் அப்பாவின் பெயரை மட்டும் சொல்லுங்கள். வாய்க்கால் கண்ணின் வாயில் உட்கார்ந்து கூப்பிடுவீர்களே, அதே மாதிரி, கடைசி எழுத்தை நீட்டி, மூன்று தடவை. வருகிறேன் என்று சொல்ல வேண்டாம். அது பொய் என்றால் மறுபடி ஒரு குழி தோண்டுவார். வரமாட்டேன் என்றும் அதில் சொல்ல வேண்டாம். அதைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அவர் மேலே வந்து, கை கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகு, நான் வாசிக்கிறேன். இந்தத் தடவை ஒரு வரியையும் விட மாட்டேன்.

அந்த வீட்டு வேலைக்கு நடுவே சத்தமாகக் கூப்பிட வெட்கமாக இருந்தால், லாரிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. நடுங்கினால் அது நீங்கள்தான் என்று அப்பாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நாடாவில் இடம் மிச்சமிருந்தால் சுலெமாவின் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள். உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று அவள் என்னைக் கேட்கிறாள். என் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அம்மா. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் மகள்,
நெலிதா